கடற்பறவையின் பினியல் சுரப்பியை நுண்ணோக்கியில் படிப்பது எப்படி: மண்டையோட்டைத் திறப்பது முதல் விவரணை எழுதுவது வரை

பறவையின் பினியல் சுரப்பி, இரண்டு பெருமூளை அரைக்கோளங்களும் சிறுமூளையும் சந்திக்கும் முக்கோண இடைவெளியில், மண்டையோட்டுக்கு நேர் கீழே அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரு மெல்லிய காம்பு இறங்கி இடைமூளையின் கூரையோடு சேர்கிறது. ஸ்குவா, பெட்ரல், கடற்காகம், பெங்குவின் என எந்தக் கடற்பறவையை எடுத்துக்கொண்டாலும் தேட வேண்டிய இடம் இதுதான். செய்முறையின் வரிசையும் மாறாது. கீழே சொல்லப்படுபவை தென்துருவ ஸ்குவா அளவுள்ள, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பறவையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள், நுண்ணோக்கியின் முன் உட்காரும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே தெரியப்போவது என்ன என்பது மண்டையோட்டைத் திறக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் முதல் பாதி, கண்ணாடித் தகட்டைத் தொடாமலேயே போகிறது.

1. கத்தியை எடுப்பதற்கு முன்

முதலில் அனுமதி. அண்டார்க்டிகாவில் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் கையாள்வதும் 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறையின் இரண்டாம் இணைப்பால் கட்டுப்படுத்தப்படுகின்றன. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் தொட இயலாது. வேறு கடற்கரைகளில் அந்தந்த நாட்டுச் சட்டம் பொருந்தும். இறந்து கிடந்த பறவைக்கு அனுமதி தேவையில்லை என்ற எண்ணத்தோடு மாதிரியை எடுத்துவிட்டுப் பிறகு அதை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, நோய்த்தொற்று. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவின் பழுப்பு ஸ்குவாக்களிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்தின் ஸ்குவாக்களிலும் உறுதிசெய்யப்பட்டது. மற்றப் பறவைகளின் சடலங்களைத் தின்னும் பழக்கமுள்ளதால் ஸ்குவாவுக்கு இந்த ஆபத்து கூடுதல். எனவே சோதனை முடிவு தெரியாத எந்தச் சடலத்தையும் திறந்த மேசையில் வைத்து அறுக்கக் கூடாது. மூளையைத் திறக்கும்போது தெறிக்கும் துளிகள் முகத்துக்கு மிக அருகில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, குறிப்பேடு. இறந்த நேரம், நிலைப்படுத்தியில் (திசு சிதையாமல் காக்கும் திரவத்தில்) இட்ட நேரம், தேதி, அப்போதைய வெளிச்சம், பாலினம், வயது ஆகிய ஆறையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். பறவையின் பினியல் செல்கள் தாமே ஒளியை உணர்பவை. அவை மெலடோனின் என்னும் ஹார்மோனை இரவில்தான் மிகுதியாகச் சுரக்கின்றன. துருவக் கோடையில் சூரியன் மறையாமலே நிற்பதால், ‘இரவு 11 மணி’ என்று மட்டும் எழுதிய குறிப்பு பின்னர் எதற்கும் உதவாது. வயதுக்கு, வால்பகுதியில் இருந்து வயதாகும்போது சுருங்கும் ஃபேப்ரிசியஸ் பை சுருங்கிவிட்டதா என்று பாருங்கள். பாலினத்துக்கு, இனப்பெருக்க உறுப்பை நேரில் கண்டு எழுதுங்கள். இறகைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

2. கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

நுனி கூர்மையான சிறு கத்தரி, கண் அறுவைக்குப் பயன்படும் மிகச் சிறு கத்தரி, நுண்ணிய இடுக்கிகள் இரண்டு, பறவையின் தலையை அசையாமல் பிடிக்கும் மெத்தை, 10 மடங்காவது பெரிதாக்கும் முப்பரிமாண நுண்ணோக்கி ஆகியவை வேண்டும். நிலைப்படுத்தும் திரவங்களை அன்று காலையிலேயே கலந்து, புட்டிகளில் ஊற்றி, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டுவைக்க வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு புவாங் திரவம் அல்லது 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலின் போதும். புவாங் திரவம், செறிவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல் 75 பங்கு, ஃபார்மலின் 25 பங்கு, தூய அசெட்டிக் அமிலம் 5 பங்கு என்ற கணக்கில் கலக்கப்படுகிறது. பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது. புட்டியின் கழுத்தில் மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டால் மூடியைத் திருகாமல், பொறுப்பானவரை அழையுங்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு, பிஎச் 7.2 முதல் 7.4 வரையுள்ள 0.1 மோலார் பாஸ்பேட் இடைத்தாங்கியில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) 2.5 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு தேவை. காகோடிலேட் இடைத்தாங்கியையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆர்செனிக் இருப்பதால், வேறு காரணம் இல்லாதவரை நான் பாஸ்பேட்டையே பரிந்துரைப்பேன்.

3. மண்டையோட்டைத் திறத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான மாதிரிகள் கெட்டுப்போகின்றன. காரணம் எளிது: பினியல் சுரப்பியின் மேல்முனை மூளையுறையோடு ஒட்டியிருக்கிறது, அந்த உறை மண்டையோட்டின் உட்பரப்போடு ஒட்டியிருக்கிறது. மண்டையோட்டை ஒரு மூடிபோல் ஒரே இழுப்பில் தூக்கினால், சுரப்பி காம்போடு அறுந்து ஓட்டுடன் போய்விடும். கீழே மூளை முழுமையாகவும் அழகாகவும் தெரிவதால் எதையும் இழக்கவில்லை என்றே தோன்றும்.

என் முதல் மாதிரியில் இதுவே நடந்தது. மூன்று நாட்கள் மூளைச் சீவல்களில் சுரப்பியைத் தேடினேன். நான்காம் நாள், கழிவுத் தட்டில் கிடந்த ஓட்டுத் துண்டைத் திருப்பிப் பார்த்தபோது, உறைந்த இரத்தத் திட்டு ஒன்றின் நடுவே, காய்ந்து சுருங்கிய வெளிர் நிறப் பொட்டாக அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, ஓட்டுத் துண்டின் உட்பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்து முடிக்காமல் எதையும் நான் எறிவதில்லை.

சரியான வரிசை பின்வருமாறு. தலையின் இறகுகளை 70 விழுக்காடு ஆல்கஹாலால் நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தூவிகள் சுரப்பியில் ஒட்டி, பின்னர் திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியின் கத்தியில் கீறலை உண்டாக்கும். தோலை நடுக்கோட்டில் கீறி இரு புறமும் விலக்குங்கள். கண்குழிகளுக்கு மேலே, எலும்பின் பள்ளங்களில், பிறை வடிவில் இரண்டு சுரப்பிகள் தெரியும். இவை கடற்பறவை தன் உடலின் மிகை உப்பை வெளியேற்றும் உப்புச் சுரப்பிகள். இவை மூளையின் பகுதி அல்ல. ஆனால் இரத்தக் குழாய்கள் நிறைந்தவை என்பதால், கத்தரி தவறி இவற்றில் பட்டால் முழு இடமும் இரத்தத்தில் மூழ்கிவிடும். வெட்டுக்கோடு எப்போதும் இவற்றுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

பறவை மண்டையோடு இரண்டு மெல்லிய தகடுகளும் நடுவே காற்றறைகளும் கொண்டது. வெளித்தகடு உடைந்ததும் மூளையைத் தொட்டுவிட்டோம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு தகடு பாக்கியிருக்கிறது. தண்டுவடத் துளையில் கத்தரியின் நுனியை நுழைத்து, நுனி எப்போதும் மேல்நோக்கி எலும்பை உரசிக்கொண்டே செல்லுமாறு, இரு பக்கங்களிலும் முன்னோக்கி வெட்டுங்கள். பின்புற விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தி, அந்த இடுக்கு வழியாகக் குளிர்ந்த நிலைப்படுத்தியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இப்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால், ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ஒரு பட்டை இழுபட்டு நிற்பது தெரியும். உறையை எலும்பிலிருந்து பிரித்து, சுரப்பியோடு கீழே விட்டுவிட வேண்டும். உறையைச் சுரப்பியிலிருந்து பிரிக்க முயலக் கூடாது. சிரைக்குழிகள் சந்திக்கும் இடமும் இதுவே என்பதால் இரத்தம் வரத்தான் செய்யும். துடைக்காமல், நிலைப்படுத்தியைச் சொட்டி அலசுங்கள்.

கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. ஓட்டின் கூரையைத் தனியே எடுக்காமல், அதன் கீழுள்ள மூளைப் பகுதியோடு சேர்த்து ஒரே கட்டியாக அறுத்து நிலைப்படுத்தி, பிறகு கால்சியத்தைப் பிணைக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் நடுநிலைக் கரைசலில் எலும்பின் கால்சியத்தை நீக்கிக்கொள்ளலாம். இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் சுரப்பி, உறை, எலும்பு மூன்றும் இயற்கையான நிலையிலேயே ஒரே சீவலில் கிடைக்கும். அவசரப்பட்டு அமிலத்தில் கால்சியம் நீக்கினால் உட்கருக்கள் சாயம் ஏற்க மறுக்கும். முதல் மாதிரியை இந்த வழியில் செய்து இடத்தை நன்றாகப் பழகிக்கொண்ட பிறகு மற்றவற்றைத் திறப்பது நல்லது.

4. கட்டியை அறுத்தலும் திசையைக் குறித்தலும்

சுரப்பியை மட்டும் தனியே கிள்ளி எடுக்காதீர்கள். முன்னால் பெருமூளையின் பின்விளிம்பு, பின்னால் சிறுமூளையின் முன்விளிம்பு, கீழே இடைமூளையின் கூரை ஆகியவை சேர்ந்த கட்டியாக எடுங்கள். தனியே எடுத்த சுரப்பி, சீவுவதற்காகப் பதிக்கும் மெழுகில் எப்படி வேண்டுமானாலும் புரளும். மேல்முனை எது, காம்பு எது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. காம்பின் அடி, முன்புறம் ஹெபெனுலாக் குறுக்கிணைப்புக்கும் பின்புறம் பிற்குறுக்கிணைப்புக்கும் இடையில் இறங்குகிறது. மூளையின் இரு பக்கங்களையும் இணைக்கும் இந்த இரண்டு நரம்பிழைக் கட்டுகளும் கட்டியில் இருந்தால் வழி தவறாது.

கட்டியின் முன்முகத்தில் திசுக் குறியிடும் மையை ஒரு புள்ளி வையுங்கள். முதல் மாதிரியை நடுக்கோட்டுக்கு இணையாக நெடுவாக்கில் சீவ வேண்டும். அந்தத் தளத்தில்தான் அகன்ற மேற்பகுதியும் காம்பும் அடியும் ஒரே சீவலில் வரும் வாய்ப்பு உண்டு. குறுக்குவாட்டுச் சீவல்களை அடுத்த மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. நிலைப்படுத்தல்

திரவத்தின் அளவு திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு இருக்க வேண்டும். புவாங்கில் இவ்வளவு சிறிய கட்டிக்கு 12 முதல் 24 மணி நேரம் போதும். அதற்கு மேல் விட்டால் திசு கடினமாகிச் சீவும்போது நொறுங்கும். ஃபார்மலினில் குறைந்தது 24 மணி நேரம் வையுங்கள்; கூடுதலாக இருந்தாலும் பெரிய கேடில்லை. கடற்கரை முகாமிலிருந்து ஆய்வகம் சேர எத்தனை நாளாகும் என்று தெரியாத நிலையில் நான் ஃபார்மலினையே தேர்ந்தெடுப்பேன்.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான திசுவை இன்னொரு பறவையிலிருந்து எடுப்பது நல்லது. குளூட்டரால்டிஹைடு மெதுவாகவே ஊடுருவும் என்பதால், துண்டுகள் ஒரு பக்கத்திலேனும் ஒரு மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அப்படித் துண்டாக்கிய சுரப்பி, தொடர் சீவலுக்கு உதவாது. இறந்து பல மணி நேரம் ஆன சடலத்தை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். முதலில் சிதைபவை மைட்டோகாண்ட்ரியாக்களும் சவ்வடுக்குகளும்தான்; நீங்கள் பார்க்க விரும்புபவையும் அவையே.

6. நீர்நீக்கமும் மெழுகும்

புவாங்கில் வைத்த திசுவை 70 விழுக்காடு ஆல்கஹாலில் மஞ்சள் நிறம் பெரும்பாலும் போகும்வரை பலமுறை மாற்றிக் கழுவுங்கள். எஞ்சும் பிக்ரிக் அமிலம் பின்னர் சாயத்தைக் கெடுக்கும். ஃபார்மலின் திசு நிறமற்று இருப்பதால், இந்தக் கட்டத்தில் தொலைந்துபோவது எளிது. ஆல்கஹாலில் ஒரு சொட்டு இயோசின் சேர்த்தால் திசு இளஞ்சிவப்பாகி, மெழுகுக் கட்டியிலும் கண்ணுக்குத் தெரியும். திசுவை வைக்கும் துளையிட்ட சிறு கூண்டில் இடும்போது லென்ஸ் துடைக்கும் தாளில் சுற்றிவைத்தால் துளை வழியே வெளியேறாது.

அதன்பின் 70, 90, 100 விழுக்காடு என ஆல்கஹாலை ஏற்றி, சைலீனில் தெளியவைத்து, 56 முதல் 58 டிகிரி செல்சியஸில் உருகும் மெழுகில் ஊறவைக்க வேண்டும். சைலீனில் திசு கண்ணாடிபோல் தெளிந்தவுடன் எடுத்துவிடுங்கள். மதிய உணவுக்குப் போய்வரும் நேரம் அதிலேயே கிடந்த திசு, கத்தி பட்டதும் தூளாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

7. தொடர் சீவல்

தடிமன் 5 மைக்ரோமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள சுரப்பி என்றால் 300 சீவல்கள் வரும். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும், பத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. சுரப்பி எந்த வகை அமைப்புடையது என்ற கேள்விக்குத் தொடர்ச்சியான சீவல்கள்தான் விடை தரும். அதை 11ஆம் படியில் விளக்கியிருக்கிறேன்.

நாடாவாக வரும் சீவல்களை ஒழுங்காக அடுக்கி, ஒவ்வொரு தகட்டிலும் தகட்டு எண்ணையும் அதிலுள்ள முதல் சீவலின் எண்ணையும் எழுதுங்கள். சீவல் கிழிந்தாலோ தவறினாலோ அந்த எண்ணைக் காலியாக விடுங்கள். அடுத்ததற்கு அந்த எண்ணைக் கொடுத்து ஒப்பேற்றினால், பின்னால் அளவெடுக்கும்போது ஆழக் கணக்கு முழுதும் பிசகும்.

8. சாயங்கள்

எல்லாத் தகடுகளுக்கும் ஒரே சாயத்தை இடாமல், முறை வைத்து மாற்றி இடுங்கள். முதல் தகட்டுக்கு ஹீமாடாக்சிலின்–இயோசின். இது உட்கருவையும் பொது அமைப்பையும் காட்டும். இரண்டாவதற்கு மாசன் முந்நிறச் சாயம். இது உறையிலிருந்து உள்ளே இறங்கும் இணைப்புத் திசுச் சுவர்களைப் பிரித்துக் காட்டும். மூன்றாவதற்கு வெள்ளிச் சாயம் அல்லது பிஏஎஸ் எனப்படும் சாயம். நுண்பை (உட்குழிவைச் சுற்றிச் செல்கள் வளையமாக நிற்கும் சிறு பை) ஒவ்வொன்றின் வெளி எல்லையும் இதில் தெளிவாகும். அடுத்தடுத்த தகடுகள் என்பதால் ஒரே நுண்பையை மூன்று சாயத்திலும் காணலாம். நான்காவதைச் சாயமிடாமல் வைத்திருங்கள். எதிர்பொருள் கொண்டு ஒளி உணர் புரதத்தைத் தேட வேண்டும் என்று பிறகு தோன்றக்கூடும். கோழியின் பினியலில் 1994இல் அடையாளம் காணப்பட்ட பினாப்சின் அத்தகைய ஒன்று.

9. முதலில் 4 மடங்குப் பொருள்வில்லை

நேராக 40 மடங்குக்குப் போகும் அவசரம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் எல்லைக்குறிகளைக் கண்டுபிடியுங்கள். சிறுமூளையின் மடிப்புகளும் அவற்றிலுள்ள பெரிய பர்கின்ஜி செல்வரிசையும் ஒருபுறம், பெருமூளை மறுபுறம், நடுவே உறையால் மூடப்பட்ட பினியல்.

இங்கே இரண்டு பொய்த்தோற்றங்கள் காத்திருக்கின்றன. முதலாவது, மூளையின் உட்குழிகளில் ஒன்றான மூன்றாம் வென்ட்ரிக்கிளில் மூளைத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னல். அதுவும் மடிப்பு மடிப்பாக, கனசதுரச் செல்வரிசையோடு, காம்புக்கு அருகிலேயே இருக்கும். வேறுபாடு உள்ளும் புறமும் பார்த்தால் தெரியும்: கோராய்டு பின்னலில் இரத்தக் குழாய் நடுவிலும் செல்வரிசை வெளியிலும் இருக்கும், பினியல் நுண்பையில் செல்வரிசை உட்குழிவைச் சுற்றியும் இரத்தக் குழாய்கள் வெளியிலும் இருக்கும். இரண்டாவது, பிற்குறுக்கிணைப்பின் அடியில் நெடிய தூண்போன்ற செல்களுடன் நிற்கும் குறுக்கிணைப்புக்கீழ் உறுப்பு. இதைப் பினியலின் அடிப்பகுதி என்று வரைந்துவைத்த குறிப்பேடுகளைத் திருத்தியிருக்கிறேன்.

10. 40 மடங்கில் செல்களை அடையாளம் காணுதல்

ஒரு தெளிவான நுண்பையைத் தேர்ந்தெடுத்து, உள்ளிருந்து வெளியே போகும் வரிசையில் படியுங்கள். உட்குழிவை ஒட்டி இரண்டு வகைச் செல்கள் தெரியும். ஒன்று, உருண்டையான, வெளிறிய, தெளிவான நியூக்ளியோலஸ் கொண்ட உட்கருவுடைய பினியல் செல். அதன் நுனி குமிழ்போல் உட்குழிவுக்குள் நீண்டிருக்கும். மற்றது, நீள்வட்டமான, அடர்ந்த உட்கருவுடைய துணைச் செல். அது சுவரின் முழு உயரத்துக்கும் நீண்டு நிற்கும். வெளிவளையத்தில், உட்குழிவை எட்டாத செல்கள் கிடக்கும். அவற்றில் சில பினியல் செல்கள், சில நரம்புத் தாங்கு செல்கள். ஹீமாடாக்சிலினை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

இனி, மிகவும் அடிக்கடி நடக்கும் தவறு. பாலூட்டித் திசுக்களில் பழகியவர்களின் கண், இரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது என்றே பழகியிருக்கும். பறவையின் சிவப்பணு நீள்வட்டமானது, உட்கரு கொண்டது. நுண்பைகளுக்கு இடையே நசுங்கிய தந்துகியில் வரிசையாக நிற்கும் ஐந்தாறு சிவப்பணுக்கள், சிறிய அடர்த்தியான உட்கருக்களின் சங்கிலியாகத் தெரிகின்றன. ‘புதிய செல்வகை’ என்று எண்ணிக்கையில் சேர்க்கப்படுகின்றன. உட்கருவைச் சுற்றி இயோசினில் செக்கச்சிவந்த, சீரான வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரத்தம்.

வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட்டுகளும் இப்படியே ஏமாற்றும். இளம் கோழிகளின் பினியலில் இவை கூட்டமாகத் திரண்டு, வயதாக ஆகக் குறைவது தெரிந்த செய்தி. உங்கள் பறவையிலும் இணைப்புத் திசுச் சுவரை ஒட்டி, மிகக் குறைந்த சைட்டோபிளாசத்தோடு உருண்டையான கரிய உட்கருக்கள் கொத்தாகக் கிடந்தால், அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

உட்குழிவு உண்மையானதா என்பதையும் இந்த உருப்பெருக்கத்திலேயே சோதிக்க வேண்டும். உண்மையான உட்குழிவைச் சுற்றிச் செல்நுனிகள் ஒழுங்காக நிற்கும். நீர்நீக்கத்தில் திசு சுருங்கிப் பிளந்த இடத்தில் விளிம்பு கிழிசலாக இருக்கும்; ஒரு புறத்து மேடு மறுபுறத்துப் பள்ளத்தில் பொருந்தும். நிலைப்படுத்தல் தாமதமான மாதிரிகளில் உட்குழிவு முழுதும் உதிர்ந்த செல்களால் நிரம்பியிருக்கும். அதைச் சுரப்புப்பொருள் என்று எழுதிவிடாதீர்கள்.

11. எந்த வகை என்று தீர்மானித்தல்

பறவைப் பினியலை மூன்று அமைப்புகளாகப் பிரிப்பது வழக்கம். சிட்டுக்குருவியில் உள்ளதுபோல் ஒரே பெரிய உட்குழிவும் மடிந்த சுவரும் கொண்டது பை வகை. புறாவிலும் வாத்திலும் உள்ளதுபோல் பல நுண்பைகளும் குழல்களும் கொண்டது நுண்பை வகை. வளர்ந்த கோழியில் உள்ளதுபோல் உட்குழிவு ஏறத்தாழ மறைந்து செல்கள் அடர்ந்து நிற்பது திண்ம வகை.

ஒற்றைச் சீவலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. 60 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு நுண்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அது 5 மைக்ரோமீட்டர் சீவல்களில் பன்னிரண்டில் தோன்றும். நடுவிலுள்ள சில சீவல்களில் உட்குழிவு தெரியும். இரு ஓரங்களிலும் கத்தி சுவரை மட்டும் உரசிச் சென்றிருப்பதால், அதே நுண்பை திண்மமான செல்திட்டாகவே தெரியும். எனவே ஒரு தகட்டில் ‘திண்ம’ இடமும் ‘நுண்பை’ இடமும் கலந்து தெரிவது, கலப்பு வகை என்பதற்குச் சான்றாகாது. குறைந்தது பத்துத் திட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னுமுள்ள சீவல்களில் தொடர்ந்து போய், முடிவுவரை உட்குழிவே வராதவை எத்தனை என்று பாருங்கள். அதேபோல், தனித்தனியாகத் தெரியும் இரண்டு நுண்பைகள் நான்கு சீவல்கள் கழித்து ஒன்றாக இணைந்தால், நீங்கள் பார்ப்பது வளைந்த குழல்.

வயது இங்கே மீண்டும் முக்கியமாகிறது. கோழிக்குஞ்சின் பினியலில் உட்குழிவுகள் தெளிவாக இருந்து, வளர வளர அடைபட்டுத் திண்மமாகின்றன. ஒரு குஞ்சையும் ஒரு முதிர்ந்த பறவையையும் பார்த்துவிட்டு இனத்துக்குள் வேறுபாடு என்று எழுதினால், அது வயது வேறுபாடாக இருக்கக்கூடும். மேற்பகுதிக்கும் காம்புக்கும் தனித்தனியே தீர்ப்பு எழுதுவதும் அவசியம்; இரண்டும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

12. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகும்போது

குளூட்டரால்டிஹைடுக்குப் பின் இடைத்தாங்கியில் கழுவி, 1 விழுக்காடு ஆஸ்மியம் டெட்ராக்சைடில் மீண்டும் நிலைப்படுத்தி, நீர்நீக்கி, புரொப்பிலீன் ஆக்சைடு வழியாகப் பிசினில் பதிக்க வேண்டும். ஆஸ்மியத்தின் ஆவி கண்ணின் கருவிழியைத் தாக்கும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்கு வெளியே புட்டியைத் திறக்கவே கூடாது.

முதலில் 1 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, டோலுயிடின் நீலத்தில் சாயமிட்டு ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். உட்குழிவு உள்ள இடத்தைக் கண்டபிறகே கட்டியைச் செதுக்கி, 60 முதல் 70 நானோமீட்டர் மெல்லிய சீவலுக்குப் போக வேண்டும். இந்த இடைப்படியைத் தவிர்த்தவர்கள், இணைப்புத் திசுவை மட்டுமே படமெடுத்துவிட்டு நாள் முழுதும் வீணாக்கியிருக்கிறார்கள்.

பினியல் செல்லின் நுனியிலிருந்து தொடங்குங்கள். மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடுக்கிய உட்கண்டம், அதிலிருந்து எழும் சிலியம் (மயிர்போன்ற நுண்நீட்சி), அதன் குமிழ் முனை, சில செல்களில் அங்கே சுருண்டு கிடக்கும் சவ்வடுக்குகள் ஆகியவை விழித்திரையின் ஒளி உணர் செல்லை நினைவூட்டும். சிலியம் குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் நுண்குழல்களை எண்ணுங்கள்: ஒளி உணர் வகைச் சிலியத்தில் ஒன்பது இணைகள் சுற்றிலும் இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது, அசையும் சிலியத்தில் நடுவிலும் இரண்டு இருக்கும். துணைச் செல்லை அதன் நுண்விரல்களாலும், அண்டைச் செல்லோடு இணையும் பட்டைகளாலும், இழைக் கட்டுகளாலும் அறியலாம். பிறகு செல்லின் அடிப்பக்கம் இறங்கி, நடுவில் கரிய புள்ளியுள்ள அடர்மையக் கொப்புளங்களையும், செல்கள் செய்தி கடத்தும் இடத்திலுள்ள சினாப்டிக் நாடாக்களையும், தந்துகிச் சுவரில் துளைகள் உண்டா என்பதையும் தேடுங்கள்.

இருண்ட செல், வெளிறிய செல் என்று இரண்டு வகை தென்பட்டால் உடனே பெயர் சூட்டாதீர்கள். நிலைப்படுத்தும் முன் இடுக்கியால் அழுத்தப்பட்ட திசுவில் செல்கள் சுருங்கி இருண்டு தெரிவது நன்கு தெரிந்த குறைபாடு. இருண்ட செல்கள் துண்டின் விளிம்பில் மட்டும் இருந்தால், அது உங்கள் இடுக்கியின் வேலை.

13. அளவும் எண்ணிக்கையும்

அளவுகோல் தகட்டை வைத்து, ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனித்தனியே கண்வில்லை அளவியைச் சரிபாருங்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த தகட்டில் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். மெழுகில் பதித்த திசு சுருங்கியிருக்கும் என்பதால், புவாங் மாதிரியின் அளவை ஃபார்மலின் மாதிரியின் அளவோடு ஒப்பிடக் கூடாது.

உட்கருக்களை எண்ணும்போது, ஒரே உட்கரு இரண்டு சீவல்களில் வெட்டுப்படுவதால் எண்ணிக்கை உயர்ந்துவிடும். அபர்குரோம்பி திருத்தம் இதைச் சரிசெய்யும்: எண்ணிய தொகையை, சீவல் தடிமனால் பெருக்கி, தடிமனும் உட்கரு விட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தடிமன் 5, விட்டம் 6 மைக்ரோமீட்டர் என்றால் 5ஐ 11ஆல் வகுக்க 0.45 வருகிறது, அதாவது நீங்கள் எண்ணிய 100இல் ஏறத்தாழ 45 மட்டுமே உண்மையானவை. திருத்தாத எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் மிகையாகிறது.

14. விவரணை எழுதுதல்

கண்டதை முதலிலும் பொருள்கொண்டதைப் பிறகும் எழுதுங்கள். ‘பினியல் செல் மெலடோனினைச் சுரக்கிறது’ என்பது சீவலில் தெரியும் செய்தியல்ல. ‘செல்லின் அடிப்பகுதியில் அடர்மையக் கொப்புளங்கள் உள்ளன’ என்பதே தெரியும் செய்தி. ஒவ்வொரு படத்தின் அடியிலும் பறவை எண், வயது, இறந்த நேரமும் வெளிச்சமும், சுரப்பியின் எந்தப் பகுதி, எந்தத் தளம், சாயம், சீவல் எண், அளவுக்கோடு ஆகியவை இருக்க வேண்டும். ‘400 மடங்கு’ என்று எழுதுவது பயனற்றது. அச்சிலோ திரையிலோ படம் சுருங்கினால் அந்த எண் பொய்யாகிவிடும், படத்தோடு சேர்ந்து சுருங்கும் அளவுக்கோடு பொய்யாகாது.

தகடுகளைக் கிடைமட்டமாக, இருட்டில் வைத்திருங்கள்; வெளிச்சத்தில் இயோசின் மங்கும். ஓட்டுத் துண்டையும் அதே மாதிரி எண்ணோடு ஃபார்மலினில் போட்டுவையுங்கள். சுரப்பியின் மேல்முனை சீவல்களில் முழுமையாக இல்லை என்று பின்னர் தெரியவந்தால், மீதி அங்கேதான் இருக்கும்.